கெண்டி விளக்கு

யூனுஸ் ராவுத்தரின் சொல்லுக்குப் போடியில் விலை, கிலோவுக்கு இருபது ரூபாய்.

சொல்லுக்கெல்லாம் விலை வைக்க முடியுமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். ஏலக்காய்க் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவர்கள் எதற்கும் விலை வைப்பார்கள். ராவுத்தர் விஷயத்தில் கணக்கு எளிது. மலையில் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சின்னத் தோட்டக்காரர்கள் மற்ற வியாபாரிகளிடம் கேட்பதைவிட இருபது ரூபாய் குறைத்தே அவருக்குக் காய் கொடுத்தார்கள். ஏனென்றால் வெள்ளிக்கிழமை வர்றேன் என்றால் வெள்ளிக்கிழமை வருவார். ஜும்மா முடிந்ததும் ஜீப்பு கிளம்பும். மழை, மண்சரிவு, கடையடைப்பு எதற்கும் நின்றதில்லை. சனிக்கிழமை காலையில் பறிப்பாட்களுக்குக் கூலியைக் கையில் எண்ணிவைக்க வேண்டியவர்களுக்கு அந்த நிச்சயம் இருபது ரூபாய் பெறும். ஐம்பதுகூடப் பெறும். ராவுத்தர் இருபதோடு நிறுத்திக்கொண்டதால் அவரை நல்ல மனிதர் என்றார்கள்.

முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு ஜீப்பை விற்றார். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த மகள் ஷஹானா வேலையை விட்டுவிட்டு வந்து, "மலைச் சோலிய இனி நான் பாத்துக்கிறேன்த்தா" என்று தகப்பனிடம் சொன்னாள். வீட்டில் ஒரு வாரம் சோறு மட்டும் வெந்தது, பேச்சு வேகவில்லை. கடைசியில் ராவுத்தர் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார்.

"வெல பேசுறது ஒன் இஷ்டம். நட்டம் வந்தாலும் ஒன் இஷ்டம். ஆனா வர்றேன்னு சொன்னா வரணும். எம் பேரத் தூக்கிட்டு நீ மலையேறப் போற."

ஷஹானா தன் சேமிப்பையெல்லாம் துடைத்து வெள்ளை நிறத்தில் ஒரு சின்னக் கார் எடுத்தாள். பின் சீட்டை மடித்தால் காய் மூட்டை மூன்று போகும். கார் வீட்டு வாசலுக்கு வந்த அன்று அவள் அம்மா மைமூன் பீவி சாம்பிராணி போட்டாள். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கொரு கதவைத் திறந்து மூடினார்கள். எல்லாரையும் டீ குடிக்க உள்ளே அனுப்பிவிட்டு, ராவுத்தர் மட்டும் பானட்டைத் திறக்கச் சொல்லி அதன்முன் நெடுநேரம் நின்றார். சம்பந்தி வீட்டுக்குப் பேச்சுக்குப் போனவர் அடுப்படியை எட்டிப்பார்ப்பதுபோல இருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் எடுப்பில் பருத்த, பச்சை மாறாத காயாகப் பார்த்து ஒரு கை அள்ளித் துணியில் முடிந்து, கல்லாப் பெட்டியில் ஒன்றும் வண்டியில் ஒன்றும் வைப்பார்கள். அதற்குப் பெயர் முதல் கை. வைத்தவரைத் தவிர யாருக்கும் அது இருக்கும் இடம் தெரியக் கூடாது. தெரிந்தால் பரக்கத், வரவின் செழிப்பு, போய்விடும். பழைய ஜீப்பில் அது பானட்டுக்குள் இருந்த டூல்ஸ் பெட்டியில் முப்பது வருஷம் கிடந்தது என்பதை ஜீப்பை விற்ற அன்றுதான் வீட்டாரே அறிந்தார்கள்.

முதல் மலைப் பயணத்துக்கு மைமூனும் கூடப்போனாள். முந்தல் செக்போஸ்ட் தாண்டி ஏற்றம் தொடங்கி நாலைந்து வளைவு போயிருக்கும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது.

"ஏன்டி, இது என்ன, தொழப்போறப்ப ஒலு எடுக்குற கெண்டி மாதிரி இருக்கு?"

"இஞ்சின்ல ஏதோ கோளாறுன்னு அர்த்தம்மா."

"புது வண்டியிலயா? பிள்ள பெத்த அன்னைக்கே மூட்டுவலின்ன மாதிரில்ல இருக்கு."

வண்டி இரண்டு முறை இருமியது. வேகம் செத்தது. மாட்டுவண்டிபோல ஏறி, எப்படியோ மலையுச்சியில் இருக்கும் போடி மெட்டைத் தொட்டார்கள். அன்று முதல் அந்த வீட்டில் அதற்குக் கெண்டி என்றே பேர்.

மறுநாள் தேனி சர்வீஸ் சென்டர். அங்கே பிரபாகரன் என்று ஒருவன், கழுத்தில் டை, கையில் தட்டு அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர், வாயில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சிரிப்பு. ஒரு வயரைச் செருகினான். விளக்கு அணைந்தது.

"பெட்ரோல் சரியில்ல மேடம். எங்க போட்டீங்க?"

"போடியில."

"அதான்." போடியில் பிறந்ததே ஒரு கலப்படம் என்பதுபோலச் சொன்னான்.

"மலையேறுறப்பத்தான் வருது. கீழ வந்தா சரியாயிடுது. நீங்க ஏத்தத்துல ஓட்டிப் பாக்கணும்."

"எங்க டெஸ்ட் டிரைவ் பைபாஸ்லதான் மேடம். ஓட்டிட்டோம். வண்டி ஜம்முனு இருக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கெண்டி எரிந்தது. இந்தமுறை ஷஹானா தன் அத்தாவையும் தேனிக்குக் கூட்டிப்போனாள். பேரத்துக்கு ஆள் வேண்டும். தராசு முள் முடியளவு சாய்ந்தாலும் எதிர்க் கடையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்கிற ஆள் அவர்.

பிரபாகரன் சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பானட் திறந்தே இருந்தது.

"தரோவா செக் பண்ணியாச்சு மேடம். ஏர் ஃபில்டரக் கழட்டி, ஊதி, சுத்தம் பண்ணி மாட்டியாச்சு."

"ஏர் ஃபில்டர்னா எது தம்பி?" என்று ராவுத்தர் கேட்டார்.

"இதோ, கிளிப்பு போட்ட கறுப்புப் பெட்டி இருக்குல்ல பாய், இதுதான். இஞ்சின் இது வழியாத்தான் மூச்சு விடும்."

ராவுத்தர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். பிரபாகரனைப் பார்த்தார். "இதத் தொறந்தீங்களா?" என்றார்.

"ரெண்டு தடவ பாய். போன வாட்டி ஒரு தடவ, இப்ப ஒரு தடவ." பிறகு ஷஹானாவிடம் திரும்பிக் குரலை இனிப்பாக்கினான். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. லேடீஸ் நிறையப் பேரு கிளட்ச்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டுறாங்க. மலையில அது வண்டிக்குச் சேராது."

ஷஹானாவுக்குக் காது வரை சூடேறியது. "அத்தா, கேட்டீங்களா? நீங்க ஏதாச்சும் சொல்லுங்க."

கடைவீதியில் நூறு கிராம் எடைக்கு ஊரைக் கூட்டுகிற மனிதர், "விடும்மா, வெரசாக் கெளம்புவோம்" என்றார். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் விடியலில் தொழுதுவிட்டு வந்து, "அந்தக் கார் சாவியக் கொண்டா" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"சும்மா பாக்கத்தான்."

"அவந்தான் பொம்பளைக்கு ஓட்டத் தெரியலன்னான். நீங்களும் சாவிய வாங்கி வச்சுக்கப் போறீங்களா?"

அவள் போட்ட சத்தத்தில் மைமூன் இட்லிக் கொப்பரையை மூட மறந்துவிட்டாள். ராவுத்தர் அதற்குப்பின் சாவி கேட்கவில்லை.

மெட்டுக்கு அப்பால், பூப்பாறை போகிற வழியில், சரிவில் ஒன்றரை ஏக்கர் வைத்திருந்தவள் செல்லக்கிளி. ராசிங்காபுரத்துப் பெண். கட்டிக்கொடுத்து மலையேறியவள் பிறகு இறங்கவேயில்லை. புருஷன் செத்தபின் தோட்டம், காய் உலர்த்தும் ஸ்டோர், கடன் மூன்றையும் தனியாளாக வைத்து நடத்தினாள். பேச்சில் பாதிக்கு மலையாளம் ஏறியிருந்தது. அந்தச் சரிவில் ஏழெட்டுத் தோட்டக்காரர்கள் அவள் யாருக்குக் காய் போடுகிறாளோ அவருக்கே போட்டார்கள்.

"மோளே," என்று வியாழக்கிழமை போனில் சொன்னாள், "ரெண்டு மூட்ட ஒலந்து நிக்குது. சனிக்கெழம ஆளுங்களுக்குக் கூலி. போனுல காசு அனுப்புறேன்னு சொல்லாத. என் போனு பட்டன் போனு, ஆளுங்க கைக்காசத் தவிர வாங்க மாட்டாங்க. வருவேல்ல?"

"வெள்ளிக்கெழம பொழுது சாயிறதுக்குள்ள வர்றேன்க்கா."

"ராவுத்தர் மக சொல்றே. அது மதி, போதும்."

வெள்ளிக்கிழமை போடியில் தூறல். மலையில் மேகம் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. வைப்பரை முழுவேகத்தில் போட்டுக்கொண்டு ஷஹானா ஏறினாள். ஆக்சிலேட்டரில் காலை மெதுவாக, மிக மெதுவாக வைத்தாள். கிளட்சிலிருந்து காலை எடுத்தே வைத்திருந்தாள். தனியாக இருந்தும் யாருக்கோ நிரூபிப்பதுபோல. பாதி மலையில் கெண்டி எரிந்தது. அடுத்த வளைவில், ஏற்றம் செங்குத்தாகிற இடத்தில், மிதித்தாள். வண்டி இருமி அணைந்தது. ஸ்டார்ட் செய்தால் நின்று உறுமியது. மிதித்தால் அணைந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரனை அமுக்கியபடி நின்றது. லாரிக்குப் பின்னால் பஸ்சு. பஸ்சிலிருந்து யாரோ, "யாருப்பா அது பொம்பள டிரைவரா?" என்று கேட்டு, பதில் வருமுன்பே சிரித்தார்கள்.

நாலு பேர் சேர்ந்து காரைத் தள்ளி ஓரமாகக் கல் போட்டு நிறுத்தினார்கள். போனில் சிக்னல் இல்லை. மழையில் முக்காடு நனைந்து கழுத்தில் ஒட்டியது. அப்போதுதான் அருள்பாண்டியின் ஜீப்பு வந்தது. அவனும் போடி வியாபாரிதான். பத்து வருஷமாக ராவுத்தரின் இருபது ரூபாயைப் பார்த்து வயிறு எரிந்தவன்.

"என்ன பாப்பா, கார் படுத்துருச்சா?"

"ஆமாண்ணே."

"சின்னக் காரு. கோயிலுக்குக் குளத்துக்குப் போக நல்லாருக்கும்." இறங்கிவந்து டயரை ஒரு உதை உதைத்தான். டயரில் ஒன்றுமில்லை என்று அவனுக்கும் தெரியும். "ஏறு, மேல கொண்டுபோய் விடுறேன். செல்லக்கிளி வீட்டுக்குத்தான?"

அவன் ஜீப்பில் ஏறிப்போய் அவன் முன்னாலேயே விலை பேசி, மூட்டையை எதில் ஏற்றுவது? நடுமலையில் காரை யாரிடம் விட்டுப்போவது? "வேணாம்ண்ணே" என்றாள்.

"ஒன் இஷ்டம். நான் அந்தப் பக்கம்தான் போறேன். ஏதும் சொல்லணுமா?"

"வர்றேன்னு சொல்லுங்க. லேட்டானாலும் வர்றேன்னு."

"கண்டிப்பாச் சொல்றேன்," என்று சொல்லி, ஜீப்பை அவ்வளவு அன்பாகக் கியர் மாற்றிக் கிளப்பினான்.

கயிறு கட்டிக் காரை முந்தலுக்கு இறக்கியபோது இருட்டிவிட்டது. சிக்னல் வந்ததும் செல்லக்கிளியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, வண்டி நின்னு..."

"ஒரு மூட்ட போயி மோளே." குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அடித்தது. "நீ வரமாட்டேன்னு சொல்லியனுப்புனதா அருள்பாண்டி சொன்னான். கூலிக்கு என்ன செய்ய? கிலோவுக்கு இருநூறு கொறச்சுக் கேட்டான். குடுத்தேன். என் அவசரம் அவனுக்கு மணந்துருச்சு."

"நான் அப்படிச் சொல்லவே இல்லக்கா! வர்றேன்னுதான் சொன்னேன்!"

"வர்றேன்னு சொன்னே. எனக்கும் சொன்னே, அவங்கிட்டயும் சொன்னே. வந்தியா?"

ஷஹானா நனைந்த முக்காட்டைப் பிழிந்தாள்.

"இன்னொரு மூட்ட ஸ்டோர்ல கெடக்கு. திங்கக்கெழம பொழுது சாயிற வரைக்கும் வச்சிருக்கேன். அது ஒங்கத்தா மொகத்துக்காக. அதுக்கப்புறம் அதுவும் அவனுக்கு. இந்தச் சரிவுல மத்த ஆளுங்களும் கேட்டுக்கிட்டிருக்காங்க, கேட்டோ."

வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. மைமூன் இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றி முன்னே வைத்தாள். அது அப்படியே ஊறிக் கஞ்சியானது. ராவுத்தர் எதிரே உட்கார்ந்து கேட்டார்.

"காய் போச்சா?"

"பேரு போச்சு. ஒங்க பேரு. முப்பது வருசமா நீங்க சேத்ததக் கொண்டுபோயி நடு மலையில கல்லு போட்டு நிறுத்திட்டு வந்திருக்கேன்."

ராவுத்தர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று மைமூன்கூடத் திரும்பினாள். "பாத்திஹா ஓதிட்டுப் படு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ் சென்டர் விடுமுறை. கோபத்துக்கு விடுமுறை கிடையாது. ஒரு நாள் முழுக்க வீட்டில் கிடந்து அது நன்றாகப் புளித்தது.

திங்கள் காலை ராவுத்தர் தானாகவே காரில் ஏறி உட்கார்ந்தார். "நான் பேசிக்கிறேன். நீ சும்மா இரு" என்றார். தேனி வரை சமதரை. கார் ஒரு குறையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. கெண்டி மட்டும் அணையாமல் எரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஷஹானாவுக்கு ஸ்டியரிங்கைக் கடிக்கலாம்போல் இருந்தது.

பிரபாகரன் அதே சிரிப்போடு வந்தான். "சொல்லுங்க மேடம், என்ன கம்ப்ளைன்ட்?"

"நீதான்."

சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் இறங்கியது. "மேடம், மரியாதையாப் பேசுங்க."

"மொத தடவ பெட்ரோல் சரியில்லன்ன. ரெண்டாவது தடவ என் காலு சரியில்லன்ன. இப்ப எது சரியில்லன்னு சொல்லப் போற? மலையா? போடி மெட்ட வெட்டித் தரையாக்கிட்டு வரவா?"

அந்தச் சத்தத்துக்குக் கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் பாண்டியராஜன் வெளியே வந்தார். சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தார், ஒன்றும் எழுதுகிறவராகத் தெரியவில்லை. "உக்காந்து பேசலாம்மா. காபி சொல்லட்டுமா?"

"காபி வேணாம் சார். பொழுது சாயிறதுக்குள்ள நான் மெட்டுக்கு மேல நிக்கணும். ஒங்க ஆளு ரெண்டு தடவ பாத்தேன், தொறந்தேன், சுத்தம் பண்ணேன்னு சொன்னாரு. எதத் தொறந்தாரு, எதப் பாத்தாருன்னு என் கண்ணு முன்னால ஒண்ணொண்ணாத் திரும்பத் தொறந்து காட்டச் சொல்லுங்க."

"கஸ்டமர உள்ள விடுற வழக்கமில்லம்மா."

"வழக்கமா? பாதி மலையில பொம்பளைய மழையில நிறுத்துறது மட்டும் வழக்கமா?"

காத்திருந்த வாடிக்கையாளர்கள் டிவியிலிருந்து கண்ணைத் திருப்பினார்கள். அவர்களில் ஒருவர், "அந்தப் பிள்ள கேக்குறது நெசந்தானே" என்றார். அவருடைய கார் காலையிலிருந்து உள்ளே இருந்தது போலும். பாண்டியராஜன் அவசரமாகப் பானட்டைத் திறக்கச் சொன்னார்.

"மொதல்ல ஏர் ஃபில்டர்," என்றாள் ஷஹானா. "ரெண்டு தடவ ஊதுனதாச் சொன்னீங்களே."

பிரபாகரன் கையைத் துடைத்தான். அழுக்கே இல்லாத கை. "அது க்ளீனாத்தான் இருக்கும் மேடம். வேற ஏதாச்சும்..."

"தொற."

"ஷஹானா, வேணாம்."

சொன்னது ராவுத்தர். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் அவங்க பாத்துட்டாங்கம்மா. வேற எடத்தப் பாக்கச் சொல்லு."

அவள் தன் அத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். மகள்கள் எதை மறந்தாலும் தகப்பன் பேரத்தில் எப்போது பின்வாங்குவார் என்பதை மறப்பதில்லை. தன் சரக்கில் குறை இருக்கும்போது அவர் குரல் இப்படித்தான் தாழும். ஷஹானா குனிந்து, தானே கிளிப்பை இழுத்தாள். இரண்டாவதை இழுத்தாள். மூடி எழுந்துகொண்டது.

ஆயில், ரப்பர், புது பெயின்ட் நாற்றத்துக்கு நடுவே ஏலக்காய் மணந்தது.

பெட்டிக்குள், காற்று வரும் வாயில், எலிக்குட்டி அளவில் ஒரு துணிப்பை ஒட்டிக்கிடந்தது. நீலக்கட்டம் போட்ட கைலித் துணி. ஷஹானாவுக்குத் தெரிந்த கைலி. மழையில் ஊறி, உள்ளிருந்த காய் பருத்து, முடிச்சு இறுகியிருந்தது. ஏற்றத்தில் இஞ்சின் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது வாயில் போய் அடைத்திருக்கிறது. சமதரையில் விழுந்து கிடந்திருக்கிறது.

பிரபாகரனின் டை மட்டும் ஃபேன் காற்றில் ஆடியது.

"முதல் கை," என்றாள் ஷஹானா.

"ஜீப்புல அங்கனதாம்மா இருந்துச்சு," என்றார் ராவுத்தர். "முப்பது வருசம். ஒண்ணும் ஆகல. இதுல டூல்ஸ் பெட்டின்னு நெனச்சேன். உள்ள மடிச்சுமடிச்சுக் காகிதம் இருந்துச்சு, பேக்கிங்னு..."

பாண்டியராஜனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "பாத்தீங்களாம்மா? எங்க மேல எவ்வளவு பேச்சு! ஒங்க வீட்டுப் பெரியவரே வெளிப்பொருள வச்சிருக்காரு. இதுக்கு வாரண்டியே கிடையாது தெரியுமா?"

"சார், கொஞ்சம் பொறுங்க." ஷஹானாவின் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. கத்தியபோது பயப்படாத பிரபாகரன் இப்போது ஓரடி பின்வாங்கினான். "இது கார் வந்த அன்னைக்கு வச்சது. ஒங்க ஆளு இந்தப் பெட்டிய ரெண்டு தடவ கழட்டி, ஊதி, சுத்தம் பண்ணாரு. பைய மட்டும் பாசமா எடுத்து ஊதிட்டுத் திரும்ப வச்சாரா?"

பாண்டியராஜன் பிரபாகரனைப் பார்த்தார். பிரபாகரன் டையைப் பார்த்தான். கூட்டத்தில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார்.

இதன்பிறகு நடந்ததைக் கடைவீதியில் வளர்ந்த எவரும் ரசிக்காமல் இருக்க முடியாது; ஷஹானாவைத் தவிர. ராவுத்தருக்கு அந்தப் பையைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு வரக் கூடாது. பாண்டியராஜனுக்கு அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு பேச்சு வரக் கூடாது. இரண்டு பேர் கண்களும் சந்தித்தன. பழைய காய்க்கடைகளில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து முடித்துக்கொள்வார்கள். அதே துண்டு, அதே கை. ராவுத்தர் பாண்டியராஜனின் கையைப் பிடித்துத் துண்டை மேலே போட்டார்.

"தம்பி, மனுசங்க எல்லாருந்தான் அசந்துபோறோம்."

"அதானே பாய். நாங்க பெருசுபடுத்தல. இன்னைக்கு முழு சர்வீஸும் எங்க செலவு. அடுத்ததும்."

"பிள்ள கோவத்துல பேசிருச்சு, மனசுல வச்சுக்காதீங்க."

"சேச்சே, நம்ம தங்கச்சிதானே."

அரை நிமிஷம் ஆகவில்லை. வியாபாரம் முடிந்துவிட்டது.

ஷஹானா அந்தத் துண்டை இழுத்துத் தரையில் போட்டாள். அவள் பிறந்ததிலிருந்து யாரும் அதைச் செய்ததில்லை.

"யாரு சரக்க யாரு யாருக்கு விக்கிறீங்க? மழையில நின்னது நான். பஸ்சு நெறைய ஆளுங்க சிரிச்சது என்னையப் பாத்து. செல்லக்கிளியக்கா கிலோவுக்கு இருநூறு விட்டுச்சே, அது இந்தத் துண்டுக்குள்ள எந்த விரலு?"

"ஷஹானா, பொது எடம்."

"அன்னைக்கு இதே எடத்துல இவன் பெட்டியக் காட்டுனான். தொறந்தேன்னான். அது பொய்யின்னு இந்தக் கூட்டத்துலயே ஒங்களுக்கு ஒருத்தருக்குத்தான் தெரியும்த்தா. வச்ச கை ஒங்க கை. எங்கால் மேல பழியப் போட்டான். கேட்டுக்கிட்டு நின்னீங்க. வெரசாக் கெளம்புவோம்னீங்க."

"பை வச்சதால வண்டி நிக்கும்னு நான் நெனைக்கலம்மா, அல்லா மேல..."

"நிக்குமோ நிக்காதோ, சொல்லியிருக்கலாம்ல? விடியக்காலம் சாவி கேட்டீங்களே, எதுக்குன்னு கேட்டேன்ல? பை வச்சிருக்கேன்னு ஒரு வார்த்த. அதுக்கு என்ன செலவு?"

ராவுத்தர் குனிந்து துண்டை எடுத்தார். முழங்கால் மடங்காததால் அதற்கு நேரம் பிடித்தது. மகள் உதவவில்லை.

அவள் பிரபாகரனிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. தொறக்கல, தொறந்தேன்னு பொய் சொன்னேன், மன்னிச்சிருங்கன்னு. சொன்னா ஒங்க ஓசி சர்வீஸ நீங்களே வச்சுக்கலாம்."

பிரபாகரன் மேனேஜரைப் பார்த்தான். "கம்யூனிகேஷன் கேப் மேடம்," என்றான்.

அவள் பையை எடுத்து டேஷ்போர்டில் வைத்தாள். பெட்டியை மூடிக் கிளிப்பைப் போட்டாள். விளக்கை அணைக்கச் சொல்லி, அணைந்ததைப் பார்த்து, வண்டியை எடுத்தாள். "ஏறுங்கத்தா" என்றாள். "போடிக்கா?" என்றார் ராவுத்தர். "மெட்டுக்கு."

முந்தல் தாண்டி ஏறும்போது கார் பறந்தது. அதே வளைவு, அதே கல் ஓரமாகக் கிடந்தது. மிதித்தாள், ஏறியது. கெண்டி எரியவில்லை. எரிந்திருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

செல்லக்கிளி ஸ்டோர் வாசலில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். பொழுது இன்னும் சாயவில்லை. காரையும், அதிலிருந்து இறங்கும் ராவுத்தரையும் பார்த்துக் கையைச் சேலையில் துடைத்தாள். வேகவைத்த கப்பைக் கிழங்கும் தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் வந்தன, பாலில்லாத கட்டன் சாயா வந்தது. இருபது வருஷமாக வியாபாரத்துக்கு முன் சாப்பாடு என்பது அவர்களுக்குள் முறை.

ராவுத்தர் கப்பையைப் பிட்டார், வாயில் வைக்கவில்லை. "செல்லக்கிளி, அன்னைக்கு... வண்டி புதுசு. மலைக்குப் பழகல. இந்த மூட்டைக்குக் கிலோவுக்கு அம்பது கூடவே வச்சுக்க."

"அம்பது எதுக்கு ராவுத்தரே?"

"சும்மாதான்."

"சும்மா நீரு அஞ்சு காசு குடுத்து நான் கண்டதில்ல."

ராவுத்தர் சாயாவைப் பார்த்தார். ஷஹானா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்வதற்கு இடம் விட்டுக் காத்திருந்தாள். மேகம் சரிவில் ஏறி, ஏலச்செடிகளை வரிசை வரிசையாக மறைத்துக்கொண்டு வந்தது. அவர் சாயாவை முழுவதும் குடித்து முடித்து, கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

"அக்கா," என்றாள் ஷஹானா, "நான் வர்றேன்னு சொன்னேன். வரல. என்னைய நம்பித்தான் நீங்க நட்டப்பட்டீங்க. மன்னிச்சிருங்க."

செல்லக்கிளி அவளையும் ராவுத்தரையும் மாறிமாறிப் பார்த்தாள். வியாபாரிகளோடு பழகியவளுக்கு எந்த மூட்டையில் கல் இருக்கிறதென்று தூக்காமலே தெரியும்.

"மூட்டய எடுத்துக்க மோளே. அம்பதும் வேண்டாம். ஆனா ராவுத்தருக்குன்னு கொறைக்குற இருபதும் இனிக் கெடையாது. மத்தவனுக்கு என்ன வெலயோ அதுதான் ஒங்களுக்கும். கீழ்ச் சரிவுல உள்ளவங்களும் அதையேதான் சொல்லுவாங்க. சரிதன்னே?"

"சரிதான்க்கா."

மூட்டையைப் பெண்கள் இருவருமே தூக்கிப் பின்னால் ஏற்றினார்கள். கிளம்பும்போது ஷஹானா டேஷ்போர்டிலிருந்த பையைப் பிரித்து, ஊறிப்போன காயைச் செடிக்கடியில் கொட்டினாள். கைலித் துணியை மட்டும் மடித்து ராவுத்தரின் மடியில் வைத்தாள்.

காரை இறக்கத்தில் விட்டாள். போடியின் விளக்குகள் கீழே தெரிந்தபோது ராவுத்தர் தொண்டையைச் செருமினார். வாய் திறந்தது. ஷஹானா வேகத்தைக் குறைத்தாள்.

"பெட்ரோல் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

இன்னும் இரண்டு வளைவு போனது. எவ்வளவு களைத்து இறங்கினாலும், முந்தல் வருமுன் அன்றைய வரவையும் பாக்கியையும் வாயால் சொல்லி முடிப்பது ராவுத்தர் மகளுக்குப் பழக்கிக்கொடுத்தது. அவள் ரோட்டைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"மூட்ட ஒண்ணு, வந்தாச்சு. மூட்ட ஒண்ணு, அருள்பாண்டிக்குப் போச்சு. ஒங்க சொல்லுக்கு இருந்த இருபது ரூபா, தீந்துபோச்சு. செல்லக்கிளியக்காவுக்கு நான் குடுக்க வேண்டிய மன்னிப்பு ஒண்ணு, குடுத்தாச்சு. தேனியிலருந்து வர வேண்டியது ஒண்ணு, வராக்கடன், அடிச்சுறலாம்."

"ம்."

"இன்னும் ஒண்ணு நிக்குது. அது ஒங்க பேருல இருக்குத்தா."